ஹவுன்ஸ்லோவில் நான் எடுத்த பறவைப் படம்

என் தங்கை உமா, ஹவுன்ஸ்லோவில் தான் குடியிருக்கும் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். அவள் கணவர் கம்பெனி வேலையாகச் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் வேலை பார்க்கும் பள்ளியில் கெஞ்சி ஒரு மாதம் விடுப்பு வாங்கிக்கொண்டு, ஐம்பத்தொரு வயதில் முதன்முறையாக நாட்டைத் தாண்டினேன். திண்டுக்கல்லில் வெயில் ஏறத் தொடங்கியிருந்த மார்ச் மாதம் அது. லண்டனில் வாயைத் திறந்தால் புகை வந்தது.

வீடு விமானங்களுக்கு நேர் கீழே இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாகச் சக்கரத்தை நீட்டிக்கொண்டு கூரையைத் தொடுவதுபோல் போகும். மேல்மாடி உமாவுக்கு. கீழே முன்னறையில் வீட்டுச் சொந்தக்காரர் தன் சாமான்களைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். அவர் குடியிருப்பது ஹாரோவில். பின்னறையில் தயாபரன் என்று ஒருவர். சமையலறை இரண்டு குடித்தனத்துக்கும் பொது.

முதல் நாள் காலை காபி போடக் கீழே இறங்கினேன். கெட்டில் பக்கத்தில் நின்றிருந்த மனிதர் என் காலடிச் சத்தம் கேட்டதும் சட்டென்று நகர்ந்து சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு. என் சேலையைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"உமாத் தங்கச்சியின்ர அக்காவோ? மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆரோ எண்டு நினைச்சிட்டன்" என்றார்.

மேலே போனதும் உமா சொன்னாள். "அவர் முன்னாடி திடீர்னு போய் நிக்காத அக்கா. படியில இறங்கறப்பவே குரல் கொடுத்துட்டுப் போ. இங்க தங்கறதுக்குப் பேப்பர் இல்ல அவருக்கு. பதினோரு வருஷமா அகதி கேஸ் ஓடுது. வேலைக்கும் போக முடியாது. யாரோ மச்சான் தயவுல அந்த ரூம்ல இருக்கார்."

தயா முல்லைத்தீவுக்காரர். அன்று மதியமே புட்டும் சொதியும் மேலே அனுப்பினார். தேங்காய்ப்பாலில் மஞ்சள் மணக்கும் அந்தச் சொதியை நான் ரசம்போலக் குடித்ததைப் பார்த்து உமா சிரித்தாள். மறுநாள் பதிலுக்கு நான் எங்கள் ஊர் மல்லிக்குழம்பு வைத்துக் கொடுத்தேன். கிண்ணத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தவர், "உறைப்புக் காணாது அக்கா" என்றார். காரம் போதாதாம். நான் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் காலை மாடி ஜன்னல் வழியாக ஒரு பறவையின் குரல் வந்தது. எனக்குச் சிறுமலை அடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கும் பழக்கம் உண்டு. காது தானாகத் திரும்பிவிடும். ஒரு சீழ்க்கையை நான்கைந்து முறை சொன்னது. நிறுத்தி, முற்றிலும் வேறொன்றை நான்கு முறை. பிறகு லாரி பின்னால் வரும்போது கேட்குமே, அந்த பீப் பீப். அதன் பிறகு கடற்காகத்தின் கத்தல். எல்லாம் ஒரே இடத்திலிருந்து. எங்கள் மலையில் துடுப்புவால் கரிச்சான் இப்படித்தான் வல்லூறுபோலக் கத்தி மற்ற குருவிகளைக் கலைக்கும். ஆனால் இது கரிச்சான் அல்ல.

பைனாகுலரை எடுத்துக்கொண்டு, மறக்காமல் குரல் கொடுத்தபடி கீழே இறங்கினேன். பின்பக்கத் தோட்டம் ஒரு துண்டு புல்தரை. அதன் முடிவில் தாழ்ந்த மரவேலி, அதற்கு அப்பால் சந்து. வேலியோரம் ஆளுயர ஹாலிப் புதர், முள் நுனி இலைகளும் கொத்துக்கொத்தாய்ச் சிவப்புப் பழங்களுமாக நின்றது. பக்கத்து வீடுகளில் அதே செடிகள் மொட்டையாக இருந்தன. இதில் மட்டும் பழம் அப்படியே இருந்ததற்குக் காரணம் புதரின் உச்சியில் உட்கார்ந்திருந்தது. தவிட்டுக்குருவி அளவு, சாம்பல் நிறம், நீண்ட வால். கண்ணில் ஒரு வெளிறிய மஞ்சள் கோபம்.

"அது ஒருத்தரையும் அந்தப் பத்தைக்குக் கிட்ட விடாது அக்கா." தயா கதவருகில் நின்றார். "தைப்பொங்கல் முடிஞ்ச கிழமை வந்தது. அந்தக் கறுப்புக் குருவியள் வந்தா நெஞ்சால இடிச்சுக் கலைக்கும். மாடப்புறாவையும் விடாது. பக்கத்து வீட்டுப் பூனையின்ர முதுகில ரெண்டு தரம் கொத்திப் போட்டுது."

அவர் ஒரு கைப்பிடி உலர்திராட்சையைப் புல்லில் வீசினார். பறவை இறங்கி வந்தது. சில அடி ஓடி நின்றது. இரண்டு சிறகுகளையும் மெல்ல, விட்டுவிட்டு, படிப்படியாகத் தலைக்கு மேல் விரித்தது. மைனா பறக்கும்போது தெரிவதுபோல் ஒவ்வொரு சிறகிலும் ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சென்றது. மடக்கியது. இன்னும் நான்கடி ஓடி மறுபடி விரித்தது.

"பூச்சியைக் கிளப்பத்தான் உப்பிடிச் செய்யுதெண்டு நினைக்கிறன்" என்றார் தயா. "வேலையில்லாத எனக்கு வேற என்ன, இதைப் பாக்கிறதுதான். என்னை இதுக்குத் தெரியும். வீட்டுக்காரர் தோட்டத்தில கால் வைச்சா தலைக்கு மேலால வரும். என்னை ஒண்டும் செய்யாது."

"இது என்ன பறவைன்னு யாரையாவது கேட்டீங்களா?"

"நான் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை."

அந்த வாக்கியத்தை நான் சரியாகக் கேட்டிருக்க வேண்டும். அப்போது என் கை போனைத் தேடிக்கொண்டிருந்தது. பைனாகுலரின் கண்ணாடி வழியாக ஆறு படம் எடுத்தேன். அன்று மாலை உமாவுக்குக் காலுக்கு ஐஸ் வைத்துவிட்டு, பறவை அடையாளம் சொல்லும் ஒரு இணையக் குழுவில் நல்லதாக ஒன்றைப் போட்டேன். "லண்டன், ஹவுன்ஸ்லோ" என்று எழுதி, ஊர் தெரிந்தால் உதவுவார்கள் என்று தெருப் பெயரையும் சேர்த்தேன். சாப்பிட்டு வருவதற்குள் பதில்கள் குவிந்திருந்தன. முதல் பதில் ஒரே சொல்: மாக்கிங்பேர்ட்.

அமெரிக்காவின் பறவை. அங்கே வேலி, தோட்டம், பார்க்கிங் என்று எல்லா இடத்திலும் நம் மைனாபோலத் திரியுமாம். இங்கிலாந்தில் கண்ணில் படுவது அபூர்வத்திலும் அபூர்வம். நான் உமாவிடம் படத்தைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டு படுத்தேன்.

காலை ஏழு மணிக்கு உமா என்னை உலுக்கினாள். "அக்கா, பின்னாடி எட்டிப் பாரு. என்ன பண்ணித் தொலைச்ச?"

சந்து முழுக்க ஆட்கள். நாற்பது பேராவது இருப்பார்கள். பச்சையும் பழுப்புமாகக் கனத்த உடைகள், முக்காலிகள், என் கை நீளத்துக்கு லென்ஸ்கள். எல்லாமே எங்கள் வீட்டைப் பார்த்து நீட்டியிருந்தன. யாரும் உரக்கப் பேசவில்லை. நாற்பது பேர் அப்படி மௌனமாக ஒரே பக்கம் பார்த்து நிற்பதைக் கண்டதும், காரணம் தெரிந்த நானே திரையை இழுத்து மூடினேன்.

கீழே தயாவின் அறை உள்ளே பூட்டியிருந்தது. தட்டினேன். "தயா, நான்தான், உமாவோட அக்கா" என்றேன். நெடுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் நகர்ந்தது. திரை இழுத்து இருட்டாக்கிய அறையில், காலணி, ஜாக்கெட் எல்லாம் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு பையோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை.

"எத்தினை பேர் நிக்கிறாங்கள்?"

"அவங்க குருவி பாக்க வந்தவங்க தயா."

"ஒரு குருவிக்கு இத்தினை பேரோ?" அவர் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "என்னோட சேர்ந்து கேஸ் போட்ட ஒருத்தனை விடிய ஆறு மணிக்கு வந்துதான் கூட்டிக்கொண்டு போனவங்கள். முதல்ல ரெண்டு பேர் சந்தில நிண்டு பாத்தவங்களாம். பேசாமல். உப்பிடித்தான்."

நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அந்தப் பறவை எங்கிருந்து வந்தது, ஏன் அதைப் பார்க்க ஊர் ஊராகக் காரில் வருகிறார்கள் என்று சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவர் கை பையின் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தது. வெளியே மாக்கிங்பேர்ட் யாரோ ஒருவரின் கார் பூட்டும் ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஒலிக்கும் அவர் தோள் துள்ளியது.

பத்து மணிவாக்கில் வாசல் மணி அடித்தது. கண்ணாடி வழியாக மஞ்சள் மேலங்கி தெரிந்தது. போலீஸ். என் வாழ்நாளில் போலீஸ் வந்து நின்ற கதவை நான் திறந்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். தயா சமையலறைக் கதவுக்குப் பின்னால் மறைந்துவிட்டார். கதவின் கீழ் இடுக்கில் காலணி நுனி மட்டும் தெரிந்தது.

இளம்பெண். மரியாதையாகத்தான் பேசினாள். சந்தில் கார் எடுக்க முடியவில்லை என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்களாம், எங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்க வந்தாளாம். "இல்லை" என்றேன். என் ஆங்கிலம் பாதியில் காணாமல் போயிருந்தது.

"இந்த வீட்டில் யாரெல்லாம் இருக்கிறீர்கள்?"

"நானும் என் தங்கையும் மட்டும்."

அவள் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லி, அந்தப் பறவை அழகாக இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். விசிட் விசாவில் வந்த நான் போலீஸிடம் பொய் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. தயாவின் விலாசம் அதிகாரிகளிடம் எப்போதும் இருக்கிறது. பயம் அவரிடமிருந்து எனக்குத் தொற்றியிருந்தது, அவ்வளவுதான்.

மதியம் நான் சந்துக்குப் போனேன். முக்காலியோடு நின்ற ஒரு முதியவர் பேச்சுக் கொடுத்தார். கோர்டன் என்று பெயர், ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். விடியுமுன் கிளம்பி வந்தவராம். பக்கத்தில் ஒருவர் போனில் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இல்லை அன்பே, பல் டாக்டரிடம்தான் இருக்கிறேன்."

"கப்பலில் தொற்றி வந்திருக்கும்" என்றார் கோர்டன். "அட்லாண்டிக்கைச் சொந்தச் சிறகில் கடக்காது. துறைமுகத்தில் இறங்கி, பழமுள்ள புதராகத் தேடித் தேடி இங்கே வந்து சேர்ந்திருக்கும். ஆண் என்று நினைக்கிறேன். ஜோடி இல்லாத ஆண் விடாமல் பாடும். கேட்கும் ஒலியையெல்லாம் பாட்டில் சேர்க்கும். இங்கே எவ்வளவு பாடினாலும் பதில் வராது, பாவம்." மனித முகங்களை அது தனித்தனியாக அடையாளம் வைத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். கூடு கட்டும் காலத்தில் ஒருவன் தொந்தரவு செய்தால், கூட்டத்தில் நடந்து போனாலும் அவனை மட்டும் தேடி வந்து தலையில் அடிக்குமாம்.

"யாரோ ஒரு புண்ணியவதி படம் போட்டாள். இல்லாவிட்டால் யாருக்குமே தெரிந்திருக்காது" என்றார் அவர். நான் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

அன்று மாலைதான் தயா சொன்னார். மறுநாள் அவர் கையெழுத்துப் போடும் நாள். மாதம் ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குப் போய்ப் பதிய வேண்டும். தவறினால் ஓடி ஒளிந்தவன் என்று எழுதிவிடுவார்கள். போனால் சில நேரம் உள்ளேயே பிடித்து வைத்துவிடுவார்கள்.

"என்னால அந்தச் சனத்துக்குள்ளால போக ஏலாது அக்கா. நாளைக்கு நான் போகேல்லை."

"முன்வாசல் வழியா போவோம். நானும் வர்றேன்" என்றேன்.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். முன்தெருவிலும் ஏழெட்டுப் பேர் கேமராவோடு காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். தயா என் கைப்பையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நடந்தார். பஸ் மேல்தளத்தில் இடம் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் சாலையில் குழாய் வேலை என்று வண்டி வேறு வழியில் திரும்பியது. பிறகு, இடைவெளியைச் சரிசெய்யச் சற்று நேரம் நிற்கும் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. ஊரில் என்றால் இந்நேரம் பத்துப் பேர் டிரைவரைச் சூழ்ந்திருப்பார்கள். இங்கே எல்லோரும் போனைப் பார்த்தார்கள். தயா பையைத் திறந்து எனக்குக் காட்டினார். மாற்று உடுப்பு ஒன்று, பிரஷர் மாத்திரை, சார்ஜர், ஒரு துவாலை.

"ஒவ்வொரு முறையும் கொண்டு போறனான். உள்ளுக்கு வைச்சா உதவும்" என்றார். பிறகு, "அந்தப் படத்தை ஆரோ போட்டவையாம். உமாத் தங்கச்சி சொன்னா. ஆர் எண்டு கேட்டன். தெரியாதெண்டவ" என்றார்.

வண்டி நின்றுகொண்டே இருந்தது. "நான்தான் தயா" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். வண்டி கிளம்பி மூன்று நிறுத்தம் போனது.

"வீட்டு நம்பரும் போட்டனீங்களோ?"

"இல்ல. தெருப் பேரு மட்டும்தான்."

"அது காணும்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். இறங்கியதும் அவர் தன் அறைச் சாவியையும் வக்கீலின் எண் எழுதிய துண்டையும் என் கையில் வைத்தார். "மத்தியானம் ஒரு மணிக்குள்ள வரேல்லையெண்டா இந்த நம்பருக்கு அடியுங்கோ" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றார். வரிசையில் நின்ற எல்லோரிடமும் அதே மாதிரி ஒரு பை இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

எதிர்ப்புறம் ஒரு மதில் ஓரமாக நின்றேன். பத்தானது. பதினொன்றானது. அவருக்குப் பின்னால் நின்ற பெண் குழந்தையோடு வெளியே வந்து பஸ் ஏறிப் போனாள். மழை தூறியது. பக்கவாட்டுக் கேட்டிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வேன் வெளிப்பட்டது. உள்ளே யார் என்று பார்க்க நடுரோடு வரை ஓடினேன். எதுவும் தெரியவில்லை. திரும்பி வந்து நின்றபோது துண்டுக் காகிதம் கையில் நனைந்து கசங்கியிருந்தது. எண்ணின் கடைசி இலக்கம் கலங்கிப்போயிருந்தது. ஒன்றா ஏழா என்று புரியவில்லை. ஒரு மணி ஆனதும் ஏழு என்று நினைத்து அடித்தேன். யாரோ ஒரு கிழவி எடுத்தாள். ஒன்று என்று மாற்றி அடித்தால் அவரைப் பிடித்துவிட்டார்கள் என்று நானே சொன்னதுபோல் ஆகிவிடும் என்று விரல் நின்றுவிட்டது.

ஒன்று இருபதுக்குத் தயா வெளியே வந்தார். பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். முகம் சாம்பல்.

"கேள்வி கேட்டவங்கள். எப்பவும் கேக்காத கேள்வியெல்லாம். இன்னும் அந்த விலாசத்திலதானோ எண்டு மூண்டு தரம்." அவர் வாய் உலர்ந்திருந்தது. என் புட்டியிலிருந்து தண்ணீர் கொடுத்தேன். முழுதும் குடித்தார். "அடுத்த திகதி தந்திருக்கிறாங்கள்."

வீட்டுக்கு வந்தபோது சந்தில் கூட்டம் இன்னும் பெரிதாகியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஹாரோவிலிருந்து வீட்டுச் சொந்தக்காரர் தயாவை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. கோபமாகப் பேசவில்லை, அவர் குரலிலும் பயம்தான் இருந்தது.

"தயா, குறை நினையாதையும். பேப்பரில வீட்டுப் படம் வந்திட்டுது. கவுன்சில்காரன் வந்து, அனுமதி எடுக்காமல் ரூம் வாடகைக்கு விட்டதைப் பாத்தா எனக்கு வில்லங்கம். இந்தக் கிழமைக்குள்ள வேற இடம் பாரும்."

"ஓம் அண்ணை" என்றார் தயா. அவ்வளவுதான்.

நான் வீட்டுக்காரரிடம் பேசுகிறேன் என்றேன். உமா பேசியும் பார்த்தாள். பலனில்லை. அன்று மாலையே இணையத்தில் இருந்த அந்தப் பறவைப் படங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முந்நூறுக்கும் மேல். நான்கில், புதருக்குப் பின்னால் சமையலறை ஜன்னலில், கலங்கலாகத் தயாவின் முகம் தெரிந்தது. நான்கு பேருக்கும் எழுதினேன். மூன்று பேர் உடனே எடுத்துவிட்டார்கள். நான்காமவர் பதிலே போடவில்லை. என் படத்தை நான் அழித்தேன். அதனால் என்ன பயன்.

சனிக்கிழமை காலை குரல் கொடுத்தபடி கீழே இறங்கினேன். சமையலறையில் யாரும் இல்லை. பின்னறை திறந்து கிடந்தது. கட்டில், மடித்து வைத்த போர்வை, கூட்டிப் பெருக்கிய தரை. அடுப்பு மேல் ஒரு பாத்திரத்தில் சொதி மூடியிருந்தது, இன்னும் சூடாக. அலமாரியில் பாதி தீர்ந்த உலர்திராட்சைப் பை. நான் ஒரு பிடி அள்ளிப் புல்லில் வீசினேன். மாக்கிங்பேர்ட் புதரின் உச்சியிலிருந்து என்னைப் பார்த்தது. இறங்கி வரவில்லை. இரண்டடி முன்னால் போனதும் என் தலைமுடியை உரசிக்கொண்டு பாய்ந்தது. நான் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். சந்தில் கேமராக்கள் சடசடத்தன.

அடுத்த வாரம் பழங்கள் தீர்ந்தன. ஒரு காலையில் பறவை இல்லை. கோர்டன் மட்டும் இன்னும் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். உமா ஊன்றுகோலை விட்டு நடக்கத் தொடங்கினாள். அவளோடு வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் போனேன். சாமி கும்பிடும்போதும் வரிசையில் தெரிந்த ஒவ்வொரு மெலிந்த முதுகையும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பிற்பகல், பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது உமாவின் போனில் தெரியாத எண். எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, நாளைக்கெல்லோ பயணம்? தங்கச்சியின்ர கால் இப்ப எப்பிடி?"

கால் பரவாயில்லை என்றேன். சாப்பிட்டீர்களா என்றேன். புது விலாசத்தை வக்கீல் மூலமாகக் கொடுத்துவிட்டதாகவும், அடுத்த கையெழுத்துக்குத் தனியாகவே போகப் போவதாகவும் சொன்னார். பின்னால் ஏதோ ரயில் போகும் சத்தம்.

"இப்ப எங்க இருக்கீங்க தயா?"

அவர் சிரித்தார். கோபம் இல்லாத, மென்மையான சிரிப்புதான்.

"அதை மட்டும் கேக்காதேங்கோ அக்கா" என்றார். "நீங்கள் ஆரிட்டையாவது சொல்லிப் போடுவியள்."